ஊர் ஊராக மன்றக் கூட்டத் தரவு: ஆழத்துக்கு முன்னால் அகலம்

கேள்வி இது: "அமெரிக்க நகர மன்றக் கூட்டங்களின் வீடியோ, அஜெண்டா, ஓட்டு விவரம் எல்லாவற்றையும் திரட்டி, யாரும் தேடிப் பார்க்கும்படி வைக்கும் திறமூல (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு நகரத்துக்குச் செய்ததைப் பல நகரங்களுக்கு எப்படி விரிக்கிறார்கள்? உடுமலைப்பேட்டையில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு அப்படி ஒன்று செய்ய முடியுமா? எனக்குப் பைதான் நிரல்மொழி ஓரளவு தெரியும்."

முடியும். ஆனால் பைதான் தெரிந்தவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடத்தில் தொடங்கினால் இரண்டாவது ஊரிலேயே நின்றுவிடும். ஒரு ஊரின் கூட்ட வீடியோவை எடுத்து, பேச்சை எழுத்தாக்கி, யார் எதைப் பேசினார் என்று பிரித்து, ஏஐ வைத்துச் சுருக்கி, அழகான தளமாகக் கட்டுவதுதான் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை. அது ஆழம். பல ஊர்களுக்கு விரிக்க வேண்டுமென்றால் முதலில் அகலம் வேண்டும்: எல்லா ஊருக்கும் கொஞ்சம், ஒரே மாதிரி, தவறாமல். அமெரிக்க அனுபவம் எனக்குக் காட்டுவது இதுதான். அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அங்கே 2022ல் எடுத்த அரசு அமைப்புகளின் கணக்கெடுப்புப்படி 90,837 உள்ளாட்சி அமைப்புகள். நகராட்சிகள் மட்டும் 19,491. மற்றவை கவுண்டி, டவுன்ஷிப், பள்ளி மாவட்டம், தண்ணீருக்கும் தீயணைப்புக்கும் தனித்தனியாக இயங்கும் சிறப்பு மாவட்டங்கள். இவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம் 1953ல் வந்தது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது இன்று அதில் உள்ள விதி. புளோரிடாவின் சன்ஷைன் சட்டம் 1967.

சட்டம் இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு பெல் நகரத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சிறு ஊர், மக்கள்தொகை 35,000 சொச்சம், பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது: அந்த ஊர் நகர மேலாளரின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். பகுதிநேரமாக வேலை பார்க்கும் கவுன்சிலர்களுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் கிட்ட. கவுன்சிலர்களுக்கு அவ்வளவு எப்படி வந்தது? அவர்களே உறுப்பினர்களாக உட்காரும் துணை வாரியங்கள் சில இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி ஊதியம். அந்த வாரியக் கூட்டங்களோ மன்றக் கூட்டத்தின் நடுவிலேயே சில நிமிடங்களில் முடிந்துபோயின. சம்பள உச்சவரம்பில் இருந்து தப்பிக்க வழி செய்த நகர சாசனம் (ஊர் தனக்கே எழுதிக்கொள்ளும் அடிப்படை விதிகள்) 2005ல் ஒரு தனித் தேர்தலில் நிறைவேறியது. ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. விவகாரம் வெளியே வந்தபின் வழக்கு நடந்து, நகர மேலாளருக்கு 2014ல் 12 ஆண்டு சிறைத் தண்டனை. பத்திரிகைக்கு 2011ன் புலிட்சர் பரிசு.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஒரு தகவல் இருக்கிறது. அந்த நிருபர்கள் முதலில் போனது பெல்லுக்கு அல்ல, பக்கத்து ஊரான மேவுட்டுக்கு. அங்கே விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் பெல்லின் வாடை அடித்தது. பெல்லின் மினிட்ஸை, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பை, மட்டும் தனியாகப் படித்தால், "வாரியம் கூடியது, வாரியம் கலைந்தது" என்று சாதுவாகத்தான் தெரியும். பக்கத்து ஊர்களின் வாரியங்கள் எத்தனை நேரம் கூடுகின்றன என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் உறுத்தும். பல ஊர்த் தரவு ஒரே இடத்தில் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். ஒரு ஊரின் தரவு அந்த ஊர்க்காரருக்குச் செய்தி சொல்லும். பத்து ஊர்த் தரவு சேர்ந்தால் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்பதும் தெரியும்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். அமெரிக்கர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய நகரங்கள் பல ஒரே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கின்றன: கிரானிகஸ் நிறுவனத்தின் லெஜிஸ்டார். அஜெண்டா தயாரிப்பது, தீர்மானத்துக்கு எண் போடுவது, ஓட்டுப் பதிவது எல்லாம் அதிலேயே நடக்கும். அதற்கு ஒரு ஏபிஐ, அதாவது வேறொரு நிரல் தரவைக் கேட்டு வாங்கும் வாசல், இருக்கிறது. முகவரியில் நகரத்தின் பெயரை மாற்றிப்போட்டால் சியாட்டிலுக்குப் பதில் ஓக்லாண்டின் கூட்டங்கள் வந்து விழும். கேட்க இனிப்பாக இருக்கிறதா? உள்ளே போனால் கதை வேறு. ஆதரவு ஓட்டை ஒரு நகரம் ஒரு சொல்லால் பதிகிறது, அடுத்த நகரம் வேறு சொல்லால். கமிட்டிக் கூட்டத்தை ஒருவர் தனி நிகழ்வாகப் போடுகிறார், இன்னொருவர் மன்றக் கூட்டத்துக்குள் ஒரு வரியாகப் போடுகிறார். நியூயார்க் நகர மன்றம் அனுமதிச் சாவி இல்லாமல் தரவு தராது. வீடியோ பெரும்பாலும் வேறொரு தளத்தில் கிடக்கும். ஒரே மென்பொருள் வைத்திருக்கும் ஊர்களுக்கே இந்த நிலை. லெஜிஸ்டார் வாங்கக் காசில்லாத சிற்றூர்களில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றைத் தளத்தில் ஏற்றிவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

இந்த நிலைமையை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு விதமாகக் கையாண்டன. கவுன்சில்மேட்டிக் என்ற மென்பொருள் 2011ல் பிலடெல்பியாவுக்காக எழுதப்பட்டது. பிறகு நியூயார்க், சிகாகோ என்று போனது. மசோதா எங்கே நிற்கிறது, யார் கொண்டுவந்தார் என்பதைக் காட்டுவதில் அது கெட்டிக்காரன். ஆனால் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தொழில்முறைக் குழு உட்கார்ந்து உழைக்க வேண்டும்.

சியாட்டிலில் தொடங்கி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த கவுன்சில் டேட்டா புராஜெக்ட் வேறு வழியில் போனது. நீங்கள் கேள்வியில் சொல்லும் மென்பொருளும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் தனி நிறுவல். எல்லாம் ஒரே வார்ப்பில் இருந்து உருவாவது. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் குறித்த நேரத்தில் தானாக ஓடும், வீடியோவை எடுத்து எழுத்தாக்கும், தேடுவதற்கான அட்டவணை கட்டும். ஊருக்கென்று நீங்கள் எழுத வேண்டியது ஒரு ஸ்கிரேப்பர் (இணையதளத்தில் இருந்து தரவை எடுத்துவரும் சிறு நிரல்) மட்டும். அந்த ஸ்கிரேப்பர் கட்டாயமாகத் தர வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள்: எந்த அமைப்பு கூடியது, எப்போது கூடியது, வீடியோ எங்கே இருக்கிறது. அஜெண்டா, தீர்மானம், ஓட்டு, உறுப்பினர் பெயர் எல்லாம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாது. டென்வர், பாஸ்டன், ஓக்லாண்ட், மில்வாக்கி என்று அது பரவியதற்கு நான் சொல்லும் காரணம் இந்தக் குறைந்தபட்சக் கோரிக்கைதான். முழு விவரமும் இருந்தால்தான் சேர்ப்போம் என்று நின்றிருந்தால் சியாட்டிலோடு முடிந்திருக்கும்.

சிகாகோவின் உள்ளூர்ச் செய்தி அமைப்பான சிட்டி பியூரோ இன்னும் கீழே இறங்கி வந்தது. அவர்களின் சிட்டி ஸ்கிரேப்பர்ஸ் திட்டம் கேட்டது ஒன்றைத்தான்: கூட்டம் எப்போது, எங்கே? மன்றம், பள்ளி வாரியம், போலீஸ் வாரியம், பூங்கா வாரியம் என்று ஒவ்வொன்றின் தளத்துக்கும் ஒரு சிறு ஸ்கிரேப்பர். விளைவு ஒரு நாள்காட்டி, அவ்வளவுதான். ஆனால் அந்த நாள்காட்டியை வைத்து அவர்கள் செய்தது பெரிய காரியம். டாக்குமெண்டர்ஸ் என்ற பெயரில் ஊர் மக்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, கூட்டங்களுக்கு அனுப்பிக் குறிப்பெடுக்க வைத்தார்கள். டெட்ராய்ட், கிளீவ்லாண்ட் என்று அந்த முறையும் பரவியது. மென்பொருளால் வர முடியாத அறைக்கு ஆள் போய்விடலாம் என்பது எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்.

ஆராய்ச்சிப் பக்கத்தில் 2023ல் வந்த இரண்டு தரவுத் தொகுப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மீட்டிங்பேங்க் என்பது 6 இடங்களின் 1,366 கூட்டங்கள், 3,579 மணி நேர வீடியோ. ஒவ்வொரு அஜெண்டாப் பொருளும் வீடியோவில் எங்கே தொடங்குகிறது என்பதுவரை பொருத்தியிருப்பார்கள். சுருக்கம் எழுதும் ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்க அருமையான பொருள். லோக்கல்வியூ என்பது யூடியூபில் ஏற்றிய 1,39,616 கூட்ட வீடியோக்களின் எழுத்துவடிவம். 2006 முதல் 2022 வரை, 1,012 ஊர்கள். எழுத்தில் பிழைகள் உண்டு, யார் பேசுகிறார் என்று தெரியாது. ஆனாலும் "வாடகை பற்றி எந்த ஊர் எப்போது பேசத் தொடங்கியது" என்பது போன்ற கேள்வியை லோக்கல்வியூவிடம்தான் கேட்க முடியும். அதன் குறையும் அகலத்தில்தான் இருக்கிறது: யூடியூபில் ஏற்றாத ஊர் அதில் இல்லை.

விரித்த பின் வரும் தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். சிகாகோ 2023ல் லெஜிஸ்டாரை விட்டுச் சொந்த மென்பொருளுக்கு மாறியது. அன்றைக்கு லெஜிஸ்டாரை நம்பி எழுதிய சிகாகோ நிரல் எல்லாம் வேலைக்கு ஆகாமல் போனது. 2020 மார்ச்சுக்குப் பிறகு கூட்டங்கள் ஜூமுக்குப் போனபோதும் இப்படித்தான், வீடியோ இருக்கும் இடம் ஊர் ஊராக மாறியது. ஐம்பது ஊருக்கு ஸ்கிரேப்பர் எழுதினால் எந்த வாரமும் இரண்டு மூன்று உடைந்து கிடக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுவது ஒரு முறை, பராமரிப்பு ஆயுள் முழுக்க. அதனால்தான் ஸ்கிரேப்பரை வழியாகப் பார்க்கலாமே தவிர முடிவாகப் பார்க்கக்கூடாது என்பேன். வெளியிடும் அரசே ஒழுங்கான வடிவில் தரவேண்டும் என்று சட்டமோ ஒப்பந்தமோ சொல்லும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கலிபோர்னியா அதில் ஒரு அடி வைத்தது. 2016ல் நிறைவேறி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம், அஜெண்டாவின் இணைப்பு முகப்புப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அது தேடக்கூடியதாகவும் இயந்திரம் படிக்கக்கூடியதாகவும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்றது. ஜெர்மனியில் வேறு பாதை. மன்றத் தகவல் மென்பொருள் விற்கும் நிறுவனங்களும் நகராட்சிகளும் திறந்த தரவு ஆர்வலர்களும் சேர்ந்து ஓபார்ல் என்ற பொது வரையறையை உருவாக்கி 2016ல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் கூட்டம், பொருள், ஆவணம், உறுப்பினர் எல்லாம் ஒரே வடிவில் வெளியே வர வேண்டும் என்பது நோக்கம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வாளையாறு தாண்டினால் போதும். கேரளத்தில் 941 கிராமப் பஞ்சாயத்துகள், அதோடு பிளாக், மாவட்டப் பஞ்சாயத்துகள், 87 நகராட்சிகள், 6 மாநகராட்சிகள், மொத்தம் 1,200 அமைப்புகள். இவற்றுக்கு 1999ல் தொடங்கிய இன்பர்மேஷன் கேரளா மிஷன் சகர்மா என்று ஒரு மென்பொருள் செய்து கொடுத்தது. கூட்ட நோட்டீஸ், அஜெண்டா, மினிட்ஸ் எல்லாம் அதில்தான் தயாராயின. முடிவுகளைப் பொதுமக்களும் இணையத்தில் பார்க்க முடிந்தது. 2024 ஜனவரி 1ல் நகர்ப்புற அமைப்புகளில் கே-ஸ்மார்ட் என்ற புதிய மென்பொருள் வந்தபோது கூட்ட மேலாண்மை அதன் ஒரு பகுதியாயிற்று. இதில் ஸ்கிரேப்பரும் இல்லை, ஏஐயும் இல்லை. எழுத்தர் எப்படியும் தட்டச்சு செய்யப் போகிற மினிட்ஸை ஒரே பெட்டிக்குள் தட்டச்சு செய்ய வைத்தார்கள், அவ்வளவே. வெளியிடுவது தனி வேலையாக இருந்தால் எந்த அலுவலகமும் இரண்டு மாதத்தில் விட்டுவிடும். வேலை செய்வதே வெளியிடுவதாக இருந்தால் விடமாட்டார்கள்.

இப்போது தமிழ்நாடு. 2022 பிப்ரவரி தேர்தலின்போது 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. மொத்தம் 649 அமைப்புகள், 12,838 வார்டுகள். அமெரிக்காவின் எண்ணிக்கையைப் பார்த்தபின் இது கைக்கு அடக்கமாகத் தெரியவில்லையா? இன்னொரு சாதகமும் உண்டு. முன்பு சென்னைக்கு 1919ன் சட்டம், நகராட்சிகளுக்கு 1920ன் சட்டம், மதுரைக்கும் கோவைக்கும் தனித்தனிச் சட்டம் என்று இருந்தது. 1998ன் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் 2023ன் விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம்.

அகலத் தரவு இங்கே என்ன பயன் தரும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 2022 ஏப்ரலில் மாநில அரசு சொத்துவரிச் சீராய்வை அறிவித்தது. சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற இடங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனது. அதை அமல்படுத்த ஊர் ஊராக மன்றங்கள் தீர்மானம் போட்டன. எந்த ஊரில் விவாதம் நடந்தது, எங்கே யார் வெளிநடப்பு செய்தார், எங்கே ஆட்சேபங்கள் வந்தன, எங்கே ஒரே நிமிடத்தில் முடிந்தது என்பதையெல்லாம் 649 ஊருக்கும் சேர்த்துப் பார்க்க ஒரு இடம் இருந்திருந்தால் அந்த வருடத்தின் மிகச் சிறந்த அரசியல் ஆவணம் அதுவாகவே இருந்திருக்கும். அந்தத் தீர்மானங்கள் இப்போதும் தீர்மானப் பதிவேடுகளில் இருக்கின்றன. ஊர் ஊராகத்தான் தேட வேண்டும்.

இங்கே அமெரிக்க வடிவத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள். அங்கே உறுப்பினர் வாரியாக ஓட்டுப் பதிவு உண்டு, அதனால் ஓட்டு அட்டவணைதான் அவர்கள் தரவின் முதுகெலும்பு. நம் மன்றங்களில் பெரும்பாலான பொருள்கள் ஒருமனதாக நிறைவேறியதாகவே எழுதப்படும். நம்மிடம் செழிப்பாக இருப்பது அலுவலகக் குறிப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். கீழே என்ன வேலை, எந்த வார்டு, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, எந்த நிதியில் இருந்து, ஒப்பந்தப்புள்ளி எத்தனை வந்தது, குறைந்த விலை யாருடையது, "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்ற வரி. கடைசியில் மன்றத்தின் முடிவு. நடை பழையது, ஆனால் ஒழுங்கு இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு அட்டவணையை உரைநடையாக எழுதி வைத்த மாதிரிதான். தலைவர் முன் அனுமதி கொடுத்துச் செலவழித்துவிட்டு மன்றத்தின் ஒப்புதலுக்குப் பின்னால் வைக்கும் பொருள்களை மட்டும் பிரித்தெடுத்து ஊர் ஊராக எண்ணிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

அந்தப் பிடிஎஃப்பைத் திறந்தால் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை காத்திருக்கும். திரையில் அழகான தமிழ். நகல் எடுத்து ஒட்டினால் அர்த்தமில்லாத ரோமன் எழுத்தும் குறியீடுமாக வரும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததன் விளைவு. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வரும் யூனிகோடைப் பயன்படுத்தச் சொல்லி 2010லேயே அரசாணை வந்துவிட்டது; பழக்கம் மட்டும் போகவில்லை. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் நிரல் கொண்டு சுத்தமாக மாற்றிவிடலாம்; பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருவின் பெயர் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஸ்கேன் செய்ததாக இருந்தால் டெசராக்ட் போன்ற, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி. அச்சுத் தமிழை அது ஓரளவு நன்றாகவே படிக்கும். எண்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். 3,80,000 என்பது 8,30,000 ஆகிவிட்டால் நீங்கள் ஒரு ஊழலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

வீடியோவை எழுத்தாக்குவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற நிரல் 2022ல் திறமூலமாக வந்தபின் ஆங்கிலக் கூட்டங்களுக்கு அந்தச் செலவு வெகுவாகக் குறைந்தது, உண்மை. நம் மன்றத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில், மைக்கை விட்டுத் தள்ளி நின்று, கொங்குத் தமிழில் "எங்க வார்டுல சாக்கடை எப்பங்க வரும்" என்று கேட்கும்போது அந்த நிரல் எழுதித் தருவதை நம்பி யார் மேலும் எதையும் சொல்லிவிட முடியாது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் இந்திய மொழிகளுக்குச் செய்துவரும் பேச்சு மாதிரிகளையும், ஒன்றிய அரசின் மொழித் தொழில்நுட்பத் தளமான பாஷினியையும் கவனித்துக்கொண்டிருங்கள். ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சபாசார் என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையின் ஒலி, ஒளிப்பதிவில் இருந்து மினிட்ஸ் வரைவு தயாரித்துத் தருவது, பாஷினியின் மேல் கட்டியது. அது எழுதித் தரும் மினிட்ஸ் எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதைவிட, பேச்சில் இருந்து வந்த மினிட்ஸும் அதிகாரபூர்வமாகக் கையெழுத்தான மினிட்ஸும் எங்கே வேறுபடுகின்றன என்பதுதான் எனக்கு ஆர்வமான கேள்வி.

பல ஊர்த் தரவைச் சேர்க்கும்போது பெயரை நம்பாதீர்கள். உடுமலை, உடுமலைப்பேட்டை, உடுமலைபேட்டை மூன்றும் கணினிக்கு மூன்று ஊர். அதோடு ஊர்களின் அந்தஸ்தும் மாறிக்கொண்டே இருக்கும். 2024ல் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சி ஆயின. அமெரிக்கர்கள் இதற்கென்று ஓப்பன் சிவிக் டேட்டா என்ற அடையாள முறையைத் தாங்களே உருவாக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த வேலை மிச்சம். ஒன்றிய அரசின் உள்ளாட்சி அமைப்புகள் அடைவு (Local Government Directory) ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு குறியீட்டு எண் வைத்திருக்கிறது. முதல் நாளில் இருந்தே அதை உங்கள் அட்டவணையின் முதல் பத்தியாக வையுங்கள்.

ஆவணம் இணையத்தில் இல்லாத ஊரில் என்ன செய்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவில் எட்டாவது உட்பிரிவைப் படியுங்கள். மன்றங்கள், குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதை ஒவ்வொரு பொது அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. மனுப் போடுவதாக இருந்தால் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "கடந்த ஐந்து ஆண்டுத் தீர்மானங்கள் அனைத்தும்" என்று கேட்டால் தட்டிக் கழிக்க நீங்களே காரணம் கொடுத்த மாதிரி. ஒரு மாதத்தின் கூட்டத்தைக் கேளுங்கள், மின்னணு வடிவில் கேளுங்கள், அல்லது பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். பார்வையிடும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. மனுவுக்கு முன் வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள். அஜெண்டா அவர் கைக்கு எப்படியும் வரும். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் என்றால் பெரும்பாலும் உற்சாகமாகவே தருவார். ஆனால் அவர் ஒருவரிடம் இருந்து மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் உங்கள் தளத்துக்குக் கட்சிச் சாயம் பூசிவிடுவார்கள். இரண்டு தரப்பிடமும் வாங்குங்கள்.

வெளியிடும்போது ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பல ஊர்களில் பேச எழும் பொதுமக்கள் தங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லித்தான் தொடங்குவார்கள். அறையில் இருபது பேர் கேட்டது, தேடுபொறியில் என்றென்றும் கிடைப்பதாக மாறும்போது அதன் எடை வேறு. நம் தீர்மானங்களில் கருணை அடிப்படை வேலை, ஊழியரின் மருத்துவச் செலவு, ஒழுங்கு நடவடிக்கை, வரிப் பெயர் மாற்றம் என்று தனி ஆட்களின் விஷயம் நிறைய வரும். இவற்றில் பொருள் எண்ணையும் முடிவையும் மட்டும் வைத்துக்கொண்டு பெயரை மறைத்துவிடுங்கள். ஒப்பந்ததாரரின் பெயரை மறைக்க வேண்டியதில்லை, அது பொதுப்பணம்.

உங்களுக்கு என் யோசனை: 649ஐ நினைக்காமல் திருப்பூர் மாவட்டத்தோடு தொடங்குங்கள். ஒரு மாநகராட்சி, அப்புறம் உடுமலை, தாராபுரம், காங்கேயம், பல்லடம், வெள்ளகோவில், திருமுருகன்பூண்டி நகராட்சிகள். ஏழு ஊருக்கு ஒரு விரிதாள். அமைப்பின் குறியீட்டு எண், கூட்டத் தேதி, சாதாரணமா அவசரமா, அஜெண்டா எங்கே, மினிட்ஸ் எங்கே, எத்தனை பொருள், எத்தனை நிறைவேறின, எத்தனை ஒத்திவைப்பு. இவ்வளவுதான் பத்திகள். கிடைக்காததைக் காலியாக விடாமல் "கேட்டோம், வரவில்லை" என்று தேதியோடு எழுதுங்கள். எந்த ஊர் தருகிறது, எந்த ஊர் தரவில்லை என்பதே முதல் ஆறு மாதத்தில் உங்கள் மிகப் பெரிய செய்தியாக இருக்கும். ஊருக்கு ஒரு ஆள் பிடியுங்கள்: ஓய்வுபெற்ற நகராட்சி எழுத்தர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், அலுவலகக் குறிப்பை அவர் படிக்கும் வேகத்துக்கு எந்த நிரலும் ஈடாகாது. கோப்புகளை உங்கள் மடிக்கணினியோடு நிறுத்தாமல் இணைய ஆவணக் காப்பகத்திலும் (archive.org) ஒரு நகல் ஏற்றிவையுங்கள், ஏனென்றால் நகராட்சித் தளங்களை மாற்றியமைக்கும்போது பழைய இணைப்புகள் முதலில் செத்துப்போகும். ஏழு ஊரும் மூன்று மாதம் தொடர்ந்து நிரம்பியபின் பைதானைத் திறங்கள். அதற்குள் எந்த ஊரின் பிடிஎஃப் எந்த எழுத்துருவில் வருகிறது, யார் கூட்டத்துக்கு முன்பே ஏற்றுகிறார், யார் ஏற்றுவதே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத வேண்டிய நிரலும் பாதியாகக் குறைந்திருக்கும்.